கழட்டிப் பார்! - ஐ.பி.எஸ். மேல பழி போடாதீங்க



போன வாரம் டேபிள் ஃபேனைக் கழட்டினோம். ‘எங்க ரூம் ஃபேன் இப்ப ஓடுது. ஆனா, காத்து மட்டும் சுவரைப் பார்த்து வீசுது’னு ஒரு ஹாஸ்டல் நண்பர் எழுதியிருக்கார். பாஸ், கெபாசிட்டர் ஒயரை வேற முனையில மாட்டிட்டீங்க. மாத்தி மாட்டுங்க, சுவருக்கு வியர்க்காது!

இந்த வாரம் நம்ம டேபிளுக்கு வந்திருக்கறவர் கொஞ்சம் சீனியர். நின்டெண்டோவின் ‘கேம்பாய் அட்வான்ஸ்’. 2001 மார்ச்சில் ஜப்பானில் ரிலீஸான கையடக்க கேம் கன்சோல். இதைப் படிக்கிற உங்கள்ல பல பேரை விட வயசுல மூத்தவர். ஒரு வணக்கம் வெச்சுட்டு உள்ளே போவோம்.

இருட்டுல பிறந்த ஹீரோ

32 பிட் ப்ராசஸர், ரெண்டு டபுள் ஏ பேட்டரி போட்டா சுமார் 15 மணி நேர ஆட்டம், பழைய கேம்பாய் கேம்ஸையும் போட்டு ஆடலாம்... எல்லாம் சூப்பர்தான். ஒரே ஒரு குறை. 240 × 160 பிக்ஸல், 2.9 இன்ச் ஸ்க்ரீன்ல சொந்த வெளிச்சம் கிடையாது. வெளியில இருந்து விழற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பித்தான் படம் காட்டும். ட்யூப்லைட்டுக்குக் கீழ, கழுத்தை ஒரு கோணத்துல வளைச்சு உட்கார்ந்தாதான் வில்லன் எங்கே நிக்கறான்னே தெரியும்!

ஆளுங்க சும்மா இருப்பாங்களா? 2002-லயே ‘ஆஃப்டர்பர்னர்’னு ஒரு லைட் கிட் வந்துடுச்சு. வாங்கி, பிரிச்சு, சால்டர் பண்ணி, ஸ்க்ரீனுக்கு முன்பக்கம் வெளிச்சம் கொண்டுவந்தாங்க. நின்டெண்டோவும் 2003-ல் வந்த ‘எஸ்.பி.’ மாடல்ல முன்பக்க லைட் வெச்சுது. அப்புறம் அந்த எஸ்.பி. வகையில வந்த பேக்லைட் ஸ்க்ரீனையே பழைய மெஷினுக்கு மாத்திப் பொருத்தினாங்க. இப்போ ட்ரெண்ட், ஐ.பி.எஸ். ஸ்க்ரீன் கிட்.

ஐ.பி.எஸ்.னு சொன்னதும் எழுந்து நின்னு சல்யூட் அடிக்காதீங்க. இது போலீஸ் இல்லை, ஒரு வகை எல்.சி.டி. எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் கலர் மாறாது, பின்னாடி லைட்டும் இருக்கு. சொல்லப்போனா, இந்த வாரக் கேஸ்ல ஐ.பி.எஸ்.தான் குற்றம் சாட்டப்பட்டவர்!

கேஸ் நம்பர் ஒன்று

கன்சோல் எங்க காலேஜ் செகண்ட் இயர் ஜூனியரோடது. சரியா சொன்னா, அவங்க அண்ணனோடது. சிங்கப்பூர்ல இருந்து மாமா வாங்கிட்டு வந்தது. அண்ணன் வேலைக்குப் போனதும் ‘பத்திரமா வெச்சுக்க’னு தங்கச்சி கையில கொடுத்திருக்கார். அது பல வருஷம் பீரோவில தூங்கியிருக்கு. தங்கச்சி மெஸ் காசுல மிச்சம் பிடிச்சு, ஐ.பி.எஸ். கிட் வாங்கி, அண்ணன் லீவுல வரும்போது பளிச்சுனு கையில கொடுக்கலாம்னு பிளான்.

பிரிச்சாச்சு. மாட்டியாச்சு. ஆன் பண்ணா... ஒண்ணும் இல்லை.

ஒரு சர்வீஸ் கடையில ‘போர்டு போயிடுச்சும்மா, வேற வாங்கிக்க’ன்னுட்டாங்க. திறந்துகூடப் பார்க்கலை. “அண்ணா, நான்தான் கொன்னுட்டேனா?”ன்னு கேட்டாங்க. கண்ணுல தண்ணி நிக்குது. கிட்டைத் திருப்பி அனுப்ப இன்னும் ரெண்டு நாள்தான் டைம் வேற.

இந்தக் கேள்விக்கு ‘சேச்சே, நீ ஒண்ணும் பண்ணலை’னு ஆறுதல் சொல்லிடலாம். அது அன்பு. ஆனா, பதில் இல்லையே! பதில் வேணும்னா மல்ட்டிமீட்டர் வேணும்.

‘செத்துப் போச்சு’ங்கறது வியாதியோட பேர் இல்லை

முதல்ல செய்ய வேண்டியது, வேடிக்கை பார்க்கறது. ரூம் லைட்டை அணைச்சுட்டு ஆன் பண்ணிப் பார்த்தோம். பவர் எல்.இ.டி. ஒரே ஒரு கண் சிமிட்டல் சிவப்பாகி, அணைஞ்சுது. பகல் வெளிச்சத்துல யாரும் அதைக் கவனிக்கலை. இந்த மெஷின்ல பச்சைன்னா பேட்டரி நல்லா இருக்குன்னு அர்த்தம். சிவப்புன்னா வோல்டேஜ் பத்தலைன்னு அர்த்தம். ஆக, பேஷன்ட்டுக்கு நாடித் துடிப்பு இருக்கு. பசியில மயங்கி விழறார், அவ்வளவுதான்.

அடுத்து கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்தோம். கேம் இல்லாமலே இந்தக் கன்சோல் ஆன் ஆகும். லோகோ வரும், சின்னதா ஒரு மணியோசை வரும். அதனால டெஸ்ட் பண்ணும்போது கார்ட்ரிட்ஜ் வேண்டாம். சந்தேகப் பட்டியல்ல ஒரு ஆள் குறைவார்.

பிறகு, ஒவ்வொரு தடவையும் பேட்டரியைக் கழட்டிட்டு, ஸ்க்ரீனை மட்டும் மாத்தி மூணு டெஸ்ட்.

ஸ்க்ரீனே மாட்டாம ஆன் பண்ணோம். எல்.இ.டி. பச்சை, மணியோசையும் கேட்டுது. போர்டு உயிரோட இருக்கு! ஜூனியர் முகத்துல அப்பதான் ரத்தம் ஓடுச்சு.

பழைய ஸ்க்ரீனை மாட்டினோம். வேலை செஞ்சுது, லோகோ தெரிஞ்சுது.

புது ஐ.பி.எஸ். மாட்டினோம். சிவப்புச் சிமிட்டல், இருட்டு.

இப்ப நீங்களே தீர்ப்பு சொல்லுங்க. பழசுல ஓடுது, புதுசுல ஓடலை. கிட் டுபாக்கூர், திருப்பி அனுப்பு! அங்கே நின்ன பத்துப் பேர்ல பத்துப் பேரும் அதைத்தான் சொன்னாங்க. அனுப்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்? இன்னொரு கிட் வரும். அதுவும் ஓடாது. அப்புறம் ‘போர்டுதான் போச்சு’னு அந்தக் கடைக்காரர் சொன்னதே உண்மைன்னு ஆகி, அண்ணனோட கன்சோல் குப்பைக் கூடைக்குப் போயிருக்கும்.

ஃபர்ஸ்ட் செமஸ்டர் ஓம் தாத்தா

பேட்டரியில இருந்து கரன்ட் போற பாதையைப் பார்ப்போம். பேட்டரித் தகடு, ஃப்யூஸ், பவர் சுவிட்ச், அதுக்கு அப்புறம் வோல்டேஜை ஏத்தி இறக்கி 3.3 வோல்ட், 5 வோல்ட்னு பிரிச்சுக் கொடுக்கற கன்வர்ட்டர் சர்க்யூட். ஒரு தண்ணிக் குழாய் மாதிரி நினைச்சுக்கங்க. கடைசி வீட்ல தண்ணி வரலைன்னா, எந்த இடம் வரைக்கும் வருதுன்னுதானே பார்ப்போம்?

பேட்டரியைக் கழட்டிட்டு, மீட்டரை ஓம்ஸ்ல வெச்சோம். முதல்ல ரெண்டு முள்ளையும் ஒண்ணோட ஒண்ணு தொட வெச்சா 0.4 ஓம். இது மீட்டர் ஒயரோட சொந்தக் கணக்கு, கழிச்சுக்கணும். ஃப்யூஸ்ல வெச்சா அதே அளவு, ஓகே. சுவிட்சை ‘ஆன்’ல தள்ளி, பேட்டரிப் பக்கக் காலுக்கும் போர்டுப் பக்கக் காலுக்கும் நடுவுல வெச்சா... 3.4 ஓம். கழிச்சா 3 ஓம்.

மூணு ஓம்தானே, அது ஒரு விஷயமான்னு கேக்கறீங்க. ஆன்ல இருக்கற சுவிட்சுக்கு அது ரொம்பவே ஜாஸ்தி. கணக்குப் போடுவோம். புரியறதுக்காக ரவுண்டான நம்பர்:

பழைய ஸ்க்ரீனோட மெஷின் 0.1 ஆம்பியர் இழுக்குதுன்னு வெச்சுக்கங்க. 3 ஓம் × 0.1 = 0.3 வோல்ட் சுவிட்ச்லயே காலி. ரெண்டு பேட்டரி சேர்ந்து 3 வோல்ட்னா, மிச்சம் 2.7. வண்டி ஓடும்.

ஐ.பி.எஸ்.ஸுக்கு பேக்லைட் இருக்கு, தனி டிரைவர் சிப் இருக்கு. மொத்தம் 0.3 ஆம்பியர்னு வெச்சா, 3 × 0.3 = 0.9 வோல்ட் காலி. மிச்சம் 2.1. தடுமாறும். இதுல ஜூனியர் போட்டிருந்தது ரீசார்ஜபிள் பேட்டரி. ஒண்ணு 1.2 வோல்ட், ரெண்டும் சேர்ந்தா 2.4-தான். அதுல 0.9 போனா 1.5. கதை முடிஞ்சுது!

இன்னொரு கூத்தும் இருக்கு. கன்வர்ட்டர் சர்க்யூட்டுக்கு ஒரு குணம்: உள்ளே வர்ற வோல்டேஜ் குறைஞ்சா, அதே பவரைக் கொடுக்கறதுக்காக அதிக கரன்ட் இழுக்கும். அதிக கரன்ட் இழுத்தா சுவிட்ச்ல இன்னும் அதிக வோல்டேஜ் காலி. அது குறைய, இது கூட, அது இன்னும் குறைய... வட்டி கட்ட வட்டிக்கு வாங்கின கதைதான். அதனாலதான் ஸ்க்ரீன் மங்கலாகூட வராம, ஒரே சிமிட்டல்ல மொத்தமா படுத்துடுது.

ஆக, குற்றவாளி ஐ.பி.எஸ். இல்லை, ஜூனியரோட சால்டரிங்கும் இல்லை. பல வருஷம் பீரோவில கிடந்து, உள்ளே உலோகத் தகடுகள் மேல ஆக்ஸைடு படிஞ்ச பவர் சுவிட்ச். பழைய ஸ்க்ரீன் கொஞ்சமா சாப்பிட்டதால இத்தனை நாள் மாட்டிக்காம தப்பிச்சிருக்கு. புது ஸ்க்ரீன் அதைக் காட்டிக் கொடுத்திருக்கு. நிஜமாவே போலீஸ் வேலைதான் பார்த்திருக்கார் நம்ம ஐ.பி.எஸ்.!

வைத்தியம் ரொம்ப சிம்பிள். பேட்டரி இல்லாம, சுவிட்சோட இடுக்குல ரெண்டு சொட்டு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். நாற்பது, ஐம்பது தடவை ஆன் - ஆஃப், ஆன் - ஆஃப். நல்லா காய விட்டு, திரும்ப அளந்தா 0.5 ஓம். அதாவது, ஒயர் கணக்கைக் கழிச்சா கிட்டத்தட்ட ஒண்ணும் இல்லை. ஐ.பி.எஸ். மாட்டி ஆன் பண்ணோம். பச்சை!

ஜூனியர் ரொம்ப நேரம் எதுவும் பேசலை. அப்புறம், “அப்ப நான் கொல்லலைல்ல?”ன்னாங்க. இல்லைம்மா. அதுக்கு அத்தாட்சி, 3 ஓம்.

உங்க கேஸ் எது?

எல்லார் வீட்லயும் சுவிட்ச்தான் வில்லன்னு சொல்ல முடியாது. மாடிஃபிகேஷனுக்குப் பிறகு ஆன் ஆகலைன்னா, அடையாளத்தைப் பார்த்து ஆளைப் பிடிங்க.

★ எல்.இ.டி. துளிகூட எரியலை, சத்தமும் இல்லை: முதல்ல பேட்டரித் தகடு. பச்சையா, வெள்ளையா பூத்திருந்தா சுரண்டி சுத்தம் பண்ணுங்க. ஷெல்லையும் மாத்தியிருந்தா, பழைய ஷெல்லோட ஏதாவது தகடு தங்கிடுச்சான்னு ஒரு தடவை பாருங்க. அடுத்து, போர்டுல ‘எஃப் 1’னு எழுதியிருக்கற குட்டி ஃப்யூஸ். மீட்டர் பீப் அடிக்கலைன்னா ஃப்யூஸ் போச்சு. பேட்டரியோடவே ரிப்பன் கேபிளை மாட்டிக் கழட்டினா இது நடக்க வாய்ப்பு அதிகம்.

★ சுவிட்சைத் தள்ளினா ‘க்ளிக்’கே இல்லை: வெளியே தெரியற பிளாஸ்டிக் பட்டன் வேற, போர்டுல இருக்கற சுவிட்ச் வேற. ரெண்டும் ஒரே பக்கம் (ஆஃப்) இருக்கும்போதுதான் மூடணும். இல்லைன்னா பட்டன் மட்டும் நகரும், சுவிட்ச் தூங்கும். சின்ன விஷயம், ஆனா ராத்திரி முழுக்க அழ வைக்கும்.

★ எல்.இ.டி. பச்சை, சத்தம் இருக்கு, படம் இல்லை: போர்டு நல்லா இருக்கு. ரிப்பன் கேபிள் சரியா உட்காரலை. பூட்டைத் திறந்து, நேரா நுழைச்சு, பூட்டை மூடுங்க. இன்னொண்ணு, இந்த மாடல் போர்டுகள்ல ஸ்க்ரீன் கனெக்டர் ரெண்டு விதம்: 32 பின், 40 பின். கிட் வாங்கறதுக்கு முன்னாடியே உங்களோடது எதுன்னு எண்ணிப் பாருங்க. தப்பான ரிப்பனை பலத்தால ஜெயிக்க முடியாது.

★ திறந்து வெச்சா ஓடுது, மூடினா ஓடலை: இது ரொம்ப நல்ல அடையாளம். ஸ்க்ரீனோட முதுகு போர்டுல எதையோ தொடுது, இல்லை ரிப்பன் நசுங்குது. நடுவுல கேப்டான் டேப் ஒட்டுங்க. ஸ்க்ரூவை ஜிம்முக்குப் போற மாதிரி முறுக்காதீங்க.

★ பிரைட்னஸ் மாத்தறதுக்காக செலக்ட், எல், ஆர் பாயின்ட்கள்ல ஒயர் சால்டர் பண்ணியிருக்கீங்களா? அந்த ஒயர்களைத் தற்காலிகமா எடுத்துட்டுப் பாருங்க. அது இல்லாமலும் ஸ்க்ரீன் எரியணும். எடுத்ததும் ஆன் ஆனா, ஈயம் பக்கத்துல எங்கேயோ வழிஞ்சிருக்கு.

★ யூ.எஸ்.பி. சி சார்ஜிங் மாட்டியிருக்கீங்க, சார்ஜே ஏறலை: ரெண்டு பக்கமும் சி இருக்கற கேபிள்ல ஏறாம, பழைய அகல யூ.எஸ்.பி. ஏ கேபிள்ல மட்டும் ஏறுதா? சி போர்ட்ல இருக்க வேண்டிய ரெண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரை அந்த சர்க்யூட்ல விட்டிருப்பாங்க. அது இல்லைன்னா சார்ஜருக்கு ‘இங்கே ஒருத்தன் பசியோட இருக்கான்’னே தெரியாது. பேட்டரி செத்துடுச்சுன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டுடாதீங்க.

கையைக் கட்டிக்க வேண்டிய இடங்கள்

ஃப்யூஸ் போச்சுன்னா அதே ரேட்டிங்ல வேற போடுங்க. சாக்லேட் பேப்பர், ஒத்தை ஒயர், ஈயத் துளின்னு எதை வெச்சும் மூடாதீங்க. ஃப்யூஸ் நமக்காகத்தான் செத்திருக்கு. அது ஏன் செத்துதுன்னு பார்க்காம புதுசு போட்டா, அதுவும் சாகும்.

இது 3 வோல்ட்டுக்குன்னு செஞ்ச மெஷின். முழு சார்ஜ்ல லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட் கொடுக்கும். நடுவுல அதுக்கான சர்க்யூட் இல்லாம நேரா கொடுக்காதீங்க. பேட்டரி உப்பியிருந்தா அழுத்தறது, குத்தறது, ‘ஒரு தடவை சார்ஜ் போட்டுப் பார்ப்போம்’கறது எதுவுமே வேண்டாம்.

சுத்தம் பண்ண ஹேண்ட் சானிட்டைஸர் வேண்டாம். அதுல தண்ணியும் கிளிசரினும் இருக்கு. காய்ஞ்சாலும் பிசுபிசுப்பு நிக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலோ, கான்டாக்ட் க்ளீனரோ எலெக்ட்ரானிக்ஸ் கடைகள்ல கிடைக்கும். சென்னைவாசிகளுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கவே இருக்கு. மூணு கை நட்சத்திரம் மாதிரி இருக்கற ‘ட்ரை-விங்’ ஸ்க்ரூவுக்கான டிரைவரையும் அங்கேயே கேட்டுப் பாருங்க. கத்தரிக்கோல் நுனியால திருகினா ஸ்க்ரூ தலை மொட்டையாகிடும்.

ரொம்ப முக்கியமானது: புதுசு முழுசா ஓடற வரைக்கும் பழைய ஸ்க்ரீனைத் தூக்கிப் போடாதீங்க. அது குப்பை இல்லை, சாட்சி. அது இல்லாம மேலே சொன்ன மூணு டெஸ்ட்டும் நடந்திருக்காது. அதே மாதிரி, ஸ்க்ரீன், ஷெல், பேட்டரி, ஸ்பீக்கர்னு எல்லாத்தையும் ஒரே ராத்திரியில மாத்தாதீங்க. ஒண்ணு மாத்து, ஆன் பண்ணிப் பாரு. அடுத்தது மாத்து, ஆன் பண்ணிப் பாரு. இல்லைன்னா, கடைசியில நிக்கறப்ப சந்தேகப் பட்டியல் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் நீளம் இருக்கும்.

ரெக்கார்டு நோட்ல இல்லாத ரீடிங்

நாம எல்லாருமே ஓம்ஸ் லா படிச்சவங்கதான். லேப்ல அதை ‘நிரூபிக்க’வும் செஞ்சிருக்கோம். எப்படி? சீனியரோட ரெக்கார்டு நோட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு! கிராஃப்ல கோடு நேரா வரணும், வரலைன்னா புள்ளி நகரும். விடை தெரிஞ்ச கேள்விக்கு அளந்து பார்க்கறதுல என்ன சுவாரஸ்யம் சொல்லுங்க?

ஆன் ஆகாத கன்சோலுக்கு எந்த சீனியர்கிட்டயும் ரெக்கார்டு நோட் கிடையாது. அங்கே 3.4-னு மீட்டர் காட்டினா 3.4-தான். கடைசியா யார் தொட்டாங்களோ அவங்கதான் குற்றவாளின்னு நாம உடனே முடிவு கட்டறோம். ரொம்ப நேரம் அந்த ‘அவங்க’ நாமளேதான். மீட்டருக்கு அந்தப் பழக்கம் இல்லை. யார் தொட்டாங்கன்னு அது கேக்காது, கரன்ட் எங்கே நிக்குதுன்னு மட்டும்தான் சொல்லும்.

உங்க வீட்டுப் பரண்லயும் ஏதாவது ஒரு பழைய மெஷின் ‘செத்துப் போச்சு’ங்கற பேர்ல தூங்கும். இந்த சனிக்கிழமை இறக்குங்க. தூசி தட்டுங்க. தூக்கிப் போடலாமா வேண்டாமாங்கறதை அப்புறம் பேசிக்கலாம், முதல்ல அளந்து பாருங்க.

அடுத்த வாரம்: இயர்போன்ல ஒரு காது மட்டும் கேக்குதா? பிளேடும் பொறுமையும் எடுத்து வைங்க. காதை அறுக்க இல்லைங்க, ஒயரை!